கோச்சிப் படமும் நல்ல தண்ணிக் கிணறும்

நாரந்தனையில் யாராவது புதுக் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால், ஐயருக்குச் சொல்வதற்கு முன்பே மனோகரிக்கு ஆள் போகும். அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வருவாள். ஒரு கை அள்ளி வாய்க்குள் விட்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டியபடி வானத்தைப் பார்ப்பாள். கிணறு வெட்டினவன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பான். விழுங்கினால் குடிதண்ணீர், துப்பினால் தோட்டத்துக்கு. அதோடு விட்டாலாவது பரவாயில்லை, அவளுக்கு வாயும் கொஞ்சம் நீளம். "மாட்டுக்குக் காட்டலாம் அண்ணை, மருமோனுக்குக் காட்டிப்போடாதையுங்கோ" என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள்.

எங்கள் யாழ்ப்பாணத் தீவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: எங்களுக்கு நாலு பக்கமும் மட்டுமல்ல, காலுக்கு அடியிலும் கடல்தான். மழை தந்த நல்ல தண்ணீர் அந்த உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை படிந்த மாதிரி மெல்லிசாக நிற்கிறது. பதமாக அள்ளினால் பேரன் பூட்டன் காலத்துக்கும் வரும். ஆசைப்பட்டு அள்ளினால் ஆடை கிழிந்து உவர் மேலே ஏறும். ஏறின உவர் இலேசில் இறங்காது. அதற்காக அள்ளாமல் விட்டாலும் தண்ணீர் செத்துப்போகும். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று சும்மா சொல்லிவைக்கவில்லை.

அந்தப் பகுதியிலேயே நல்ல தண்ணீர் அவளுடைய புருசன் அப்புத்துரையின் கிணற்றில்தான் இருந்தது. பின்னேரமானால் குடங்கள் வரிசையாக வரும். "மனோகரி மாப்பிள்ளையைப் பாத்துக் கட்டேல்லை, கிணத்தைப் பாத்தெல்லோ கட்டினவள்" என்று பெண்கள் சீண்டுவார்கள். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அப்புத்துரையும் ஒன்றும் சொல்லமாட்டான். அவனுக்குச் சொற்கள் குறைவு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவனுக்கு அதிகம் சொற்கள் தேவையும் இல்லை. ஊரெல்லாம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மிசின் வாங்கிப் போட்டபோது அவன் மட்டும் கையால் இறைக்கிற மரத் துலாவை விடவில்லை. ஒருமுறை துலாவிலிருந்து விழுந்து கால் முறிந்து, நொண்டிக்கொண்டே எழும்பினவன், அப்போதும் மிசின் வாங்கவில்லை. "மிசினுக்கு நிறுத்தத் தெரியாது" என்றான். அவ்வளவுதான் அவனுடைய விளக்கம்.

எண்பத்தாறாம் ஆண்டு மனோகரியின் தம்பி இலட்சுமணன் கப்பல் வேலையால் வந்தான். ஒரு ரிவி, படம் போடுகிற டெக் ஒன்று, கொஞ்சம் வீடியோக் கசற்றுகள். அதில் ஒன்று ஜப்பானில் எங்கேயோ ஒரு துறைமுகத்துக் கடையில் வாங்கியது. சண்டைப்படம் என்று நினைத்து வாங்கி வந்திருக்கிறான், போட்டுப் பார்த்தால் கார்ட்டூன். படத்தின் பெயரும் தெரியாது, பேசுகிற பாஷையும் தெரியாது. ஜெனரேற்றரை இழுத்து ஓடவிட்டு, முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்த சனத்துக்குச் சப்பென்று போய்விட்டது. "உதென்னடா, முட்டைக் கண்ணுச் சனங்கள் கத்துகினம். எம்.ஜி.ஆர். படத்தைப் போடு" என்று குரல்கள் கிளம்பின. தம்பியின் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் மனோகரி எழும்பி ரிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பொறுங்கோ, நான் சொல்லுறன்" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது. ஜப்பான்காரன் என்ன நினைத்து எடுத்தானோ தெரியாது, நாரந்தனை பார்த்தது மனோகரியின் படத்தைத்தான். பெரிய யுத்தம் ஒன்று நடந்து உலகம் எரிந்துபோயிற்று. கடல் வற்றி, அடித்தரை வெடித்துக் கிடக்கிறது. பெரிய பெரிய கப்பல்கள் சரிந்தபடி துருப்பிடித்து நிற்கின்றன. மழை பெய்தால் தோல் பொசுங்கும். மிஞ்சின சனமெல்லாம் ஒரு நீளமான கோச்சியில், அதுதான் ரயிலில், ஏறி, அந்தக் கடலடித் தரையில் நல்ல தண்ணீர் தேடிப் போகிறது. நிற்கிற இடமெல்லாம் கிணறு தோண்டுகிறார்கள். தோண்டியதும் கட்டை மயிர் வெட்டின ஒரு சின்னப்பெண் முழந்தாளிட்டு, விரலைத் தோய்த்து நாக்கில் வைக்கிறாள். துப்புகிறாள், தலையை ஆட்டுகிறாள். கோச்சி கூவிக்கொண்டு புறப்படுகிறது. வழியில் சனம் சாகச் சாக, வெறுமையான பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் போகிறார்கள்.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிற பெண்ணைக் கண்டதும் முற்றம் முழுக்கச் சிரிப்பு. "மனோகரி, உன்னைப் படம் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்!" அதற்குப் பிறகு எம்.ஜி.ஆரை ஒருவரும் கேட்கவில்லை. கோச்சி ஓட்டுகிற கண்ணாடிக் கிழவன் எங்கள் ஊர் வைத்தியர், பரியாரி தம்புவின் அச்சு என்பதால் அவனுக்குப் பரியாரியார் என்று பெயர் வைத்தாள் மனோகரி. அந்தப் பெண்ணுக்குச் சின்னாச்சி. பரியாரியாருக்கு ஒரு குரல், சின்னாச்சிக்கு ஒரு குரல், கோச்சிக்கு ஒரு குரல். தீவுக்குள் கோச்சி ஏது? யாழ்ப்பாணம் போன நேரம் ஸ்ரேசனில் கண்டதுதான். ஆனாலும் அவள் கூவியபோது பிள்ளைகள் பாயை விட்டு விலகி வழிவிட்டன. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் பொங்கல் என்று ஊரில் எங்கே டெக் போட்டாலும் கடைசியில் கோச்சிப் படம் வேண்டும், அதைச் சொல்ல மனோகரி வேண்டும்.

படத்துக்கு முடிவு இல்லை. கடையில் பதிந்தவன் நாடா போதாமல் விட்டிருக்கிறான். இஞ்சினும் ஒரே ஒரு பெட்டியும் மிஞ்சின கட்டத்தில் ஒரு கிணறு தோண்டுகிறார்கள். பெண் விரலைத் தோய்க்கிறாள். சுற்றிவர நிற்கிறவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அந்தப் பெரிய கண்கள் நிரம்புகின்றன. இந்தமுறை துப்பவில்லை, விழுங்குகிறாள். உடனே ரிவியில் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

"நல்ல தண்ணி!" என்று மனோகரி கத்துவாள். சனம் கைதட்டும்.

அப்புத்துரைக்கு அந்தப் படத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பின்னால் நின்று பார்ப்பான். முதலில் அவனுக்குக் கோச்சியே பிழை. "கோச்சி ஓடவே தண்ணி வேணுமெல்லோ, அதுக்கு எங்காலை எடுக்கிறாங்கள்?" என்றான். பிறகு சனமே பிழை. "ஊரெல்லாம் ஒரேயடியாய் வெளிக்கிட்டால் கிணறு கெடாமல் என்ன செய்யும்? ஒருத்தன் நிண்டு இறைச்சிருக்க வேணும்." கடைசியில் அந்தப் பெண்ணும் பிழை.

"அது நல்ல தண்ணியில்லை" என்றான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"ஏன்? விழுங்கினவள்தானே."

"கண்ணைப் பாத்தனீரே? நல்ல தண்ணியைக் குடிச்சவளின்ரை கண்ணே அது? சனம் இனிப் போக ஏலாது எண்டு கண்டிட்டுப் பொய் சொல்லுறாள்."

"சொல்லட்டுமன். பாவங்கள், கொஞ்ச நேரமாவது சந்தோசமாய் இருக்கட்டும்."

"பிறகு அந்தத் தண்ணியைக் குடிச்சுச் சாகட்டும்" என்றான் அப்புத்துரை. "தண்ணியிலை பொய் சொல்லக்கூடாது."

அவர்களுடைய மகள் யோகமலர் அப்போது சின்னப்பிள்ளை. அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். இது ஒரு கார்ட்டூனுக்காகப் புருசனும் பெண்சாதியும் பிடித்த சண்டை. கேட்டவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சிரிப்பெல்லாம் முடிந்துபோயிற்று. கடலிலிருந்து செல் வந்தது, வானத்திலிருந்து குண்டு வந்தது. ராணுவம் கரையேறிவிட்டது என்றார்கள். சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, அராலிப் பக்கம் கடலைக் கடக்க ஓடியது. மனோகரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அப்புத்துரை துலாவில் தண்ணீர் அள்ளி மிளகாய்க் கன்றுகளுக்கு விட்டுக்கொண்டிருந்தான். செல் விழுகிற நேரத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் விடுகிற மனிதனை என்ன சொல்ல!

"இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ."

"நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். நான் நிக்கிறன்."

"விசரே உங்களுக்கு?"

"எல்லாரும் போனால் ஆர் இறைக்கிறது? ரெண்டு கிழமையிலை திரும்பி வரேக்கை குடிக்கத் தண்ணி வேண்டாமே? நான் நொண்டியன், கிழவன். என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

அவள் கெஞ்சினாள், பிறகு ஏசினாள், பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். கெடுகுடி சொற்கேளாது. கடைசியில் அவளுக்கு வந்த கோபத்தில், "கிணத்தைக் கட்டிக்கொண்டு கிடவுங்கோ!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வள்ளத்தில் ஏறிய பிறகுதான் மனோகரிக்கு அழுகை வந்தது. அப்போது திரும்பிப்போக வழியில்லை.

மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையை ஐந்து குடும்பங்கள் சேலைகளைக் கட்டிப் பிரித்துக்கொண்டன. ரெண்டு கிழமை போயிற்று, ரெண்டு மாதம் போயிற்று. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. தீவுக்குள் எஞ்சியிருந்தது போகமாட்டாத கிழடுகள்தான் என்று கதை வந்தது. மிச்சம் வீடுகளும் மாடுகளும். மனோகரி வெங்காயம் கிண்டும் கூலிவேலைக்குப் போனாள், மிளகாய் இடித்துக் கொடுத்தாள். பின்னேரங்களில் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்ளும். "அன்ரி, கோச்சிப் படம்!"

ரிவியுமில்லை, டெக்கும் இல்லை. அவள் நடுவில் உட்கார்ந்து கூவுவாள், கோச்சி புறப்படும். வெடித்த தரை, சரிந்த கப்பல், பொசுக்குகிற மழை என்று அவள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒன்று சேர்க்கும். பெட்டி கழற்றுகிற கட்டம் வந்தால், "அந்தப் பெட்டிக்கை எங்கடை பெரியப்பா" என்று ஒன்று சொல்லும். முன்பு எங்கேயோ முட்டைக் கண்ணுச் சனங்களுக்கு நடந்த கதையாக இருந்தது, இப்போது யாருக்கு நடக்கிறது என்று எவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மனோகரி "நல்ல தண்ணி!" என்று முடிப்பாள். முன்னைப்போலச் சத்தமாக வராது.

அடுத்த வருசம் கிறேசம்மா வந்தாள். நாரந்தனையில் பக்கத்து வளவுக்காரி. புருசன் சந்தியோகு பாரிசவாதத்தில் கிடந்ததால் ஊரை விடாமல் நின்றவள். அவருக்கு மருந்தெடுக்க வேண்டுமென்று ராணுவ முகாமில் அழுது குளறி, வெளியே போகப் பாஸ் துண்டு வாங்கி, நோயாளிகளை ஏற்றுகிற படகில் யாழ்ப்பாணம் வந்திருக்கிறாள். வந்தவள் மடியிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து வைத்தாள். வாயில் துணி அடைத்து மெழுகுதிரி உருக்கி ஊற்றியிருந்தது.

"உன்ரை மனுசன் தந்துவிட்டவர் பிள்ளை. கிணத்துத் தண்ணி. எப்பிடி இருக்குதெண்டு கேட்டுக்கொண்டு வரட்டாம்."

ஊரிலிருந்து ஆள் வந்தால் தேங்காய் வரும், பனங்கட்டி வரும். இவளுக்கு வந்தது தண்ணீர். மனோகரி சிரித்தாள், அழுதாள். அடைப்பைப் பிடுங்கி ஒரு மிடறு வாய்க்குள் விட்டு உருட்டினாள். அதே தண்ணீர், மண்ணின் குளிரும் அந்தச் சின்ன இனிப்பும் அப்படியே இருந்தன. விழுங்கிவிட்டு மகளுக்குக் கொடுத்தாள். வகுப்பறையில் இருந்த நாரந்தனைக்காரர் எல்லோருக்கும் மூக்குப்பேணியில் ஆளுக்கொரு மிடறு கொடுத்தாள். ஒரு கிழவர் அதைத் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

"நல்ல தண்ணி எண்டு சொல்லுங்கோ அக்கா. ஆனால் மனுசனை வரச் சொல்லுங்கோ. பிள்ளை தேப்பனைக் கேட்டு அழுறாள்."

"கடதாசி ஒண்டும் தந்திடாதை, பிடிச்சால் பிறகு என்னை விடாங்கள். வாயாலை சொல்லுறன்" என்றாள் கிறேசம்மா.

அதிலிருந்து அவள் மருந்துக்கு வரும்போதெல்லாம் ஒரு போத்தல் வரும், அதே கேள்வி வரும். அப்புத்துரை சுகம், இறைக்கிறார், மெலிந்துபோனார், தானே சமைத்துச் சாப்பிடுகிறார். வரச் சொன்னதற்கு மட்டும் பதில் வராது. "பாப்பம் எண்டவர்" என்பாள் கிறேசம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. மனோகரிக்கு நெஞ்சு கொதிக்கும். ஐந்து குடும்பத்துக்கு நடுவில் வளர்ந்த மகளை வைத்துக்கொண்டு அவள் படும் பாடு ஒரு பக்கம், மிளகாய்க் கன்றோடு குடித்தனம் நடத்துகிற மனிதன் மறுபக்கம். கடவுளே, ஒரு கிணற்றோடு சக்களத்திச் சண்டை பிடிக்க வேண்டிவந்ததே என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

தொண்ணூற்றிரண்டில் கிறேசம்மா கொண்டுவந்த கதை வேறு மாதிரி இருந்தது. பங்கர் கட்டப் பனைகளைத் தறித்துவிட்டார்கள். அப்புத்துரையின் வளவுக்கு அடுத்த வளவுக் கிணற்றில் பெரிய மிசின் வைத்து, முகாமுக்கென்று பவுசர் லொறி லொறியாக இறைக்கிறார்கள். காலையில் தொடங்கினால் நிற்பாட்டுவதில்லை.

"இவர் போய்க் கையாலை காட்டிச் சொன்னவராம், மெல்ல இறையுங்கோ, உவர் ஏறும் எண்டு. அவங்களுக்கு விளங்கேல்லை. விசர்க் கிழவன் எண்டு சிரிச்சுப்போட்டு ஒரு பிஸ்கற் பெட்டி குடுத்தவங்களாம்."

அந்தப் போத்தலை மனோகரி வாயில் வைத்தாள். உருட்டினாள். நாக்கின் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு கரிப்பு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தன் நாக்குப் பிழை என்று நினைத்து இன்னொரு மிடறு குடித்தாள். நாக்குப் பிழை செய்யவில்லை.

"எப்பிடி?" என்றாள் கிறேசம்மா.

"நல்ல தண்ணி."

அதற்கடுத்த போத்தலில் நாக்கைக் கேட்கவே தேவையிருக்கவில்லை. உவர் ஏறிவிட்டது. கிணறு முடிந்தது. அவளுக்கு முன்னால் வேறு யாராவது அந்தத் தண்ணீரை வைத்திருந்தால் துப்பிவிட்டு, "மாட்டுக்கும் காட்டாதையுங்கோ" என்று சொல்லியிருப்பாள். அவள் விழுங்கினாள்.

"நல்ல தண்ணி எண்டு சொல்லுங்கோ."

கிறேசம்மா போன பிறகு யோகமலர் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் தாயின் நாக்கோடு பிறந்தவள்.

"அம்மா, இது உப்பு."

"வாயை மூடு."

"அப்பாவுக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"மலர், அந்த மனுசனிட்டை வேறை என்ன இருக்கு?" என்றாள் மனோகரி. "எங்களையும் விட்டிட்டு, ஊரும் போய், அந்தக் கிணறு ஒண்டைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். அதுவும் கெட்டுப்போச்செண்டு சொன்னால் அந்த மனுசன் என்னத்துக்கு எழும்புறது, என்னத்துக்குச் சாப்பிடுறது? தினம் குடிக்கிறவருக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும்."

அது உண்மை. நாளும் பொழுதும் குடிக்கிறவனுடைய நாக்கு உவரோடு சேர்ந்தே நடக்கும், ஏறினது தெரியாது. ஆனால் அது முழு உண்மை இல்லை. மனோகரியின் நெஞ்சுக்குள் வேறொன்றும் கிடந்தது, அதை மகளிடம் எப்படிச் சொல்வது? கிணறு கெட்டதால் வேறு கதியின்றி வருகிற புருசன் அவளுக்கு வேண்டாம். நல்ல தண்ணீர் இருக்கும்போதே, அதை விட்டுவிட்டு, அவளுக்காக வர வேண்டும். ஒருமுறையாவது கிணற்றை விட அவள் பெரிது என்று அந்த மனிதன் நினைக்க வேண்டும். அந்த ஆசைக்கு வயது நாற்பதைத் தாண்டியும் வெட்கமில்லை.

யோகமலர் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பின்னேரம் பிள்ளைகள் கோச்சிப் படம் கேட்டபோது, தாய் கடைசிக் கட்டத்துக்கு வருமுன் எழும்பி வெளியே போனாள். மனோகரியும் அன்றோடு அந்தப் படம் சொல்வதை நிறுத்திவிட்டாள். மறந்துபோச்சு என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. அதைச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கினவளுக்கு மறக்குமா?

போத்தல்கள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதை விட உப்பு. ஒவ்வொன்றுக்கும் அவள் "நல்ல தண்ணி" என்றாள். "வரச் சொல்லுங்கோ" என்றும் சொன்னாள். ஒருமுறை கிறேசம்மா படியிறங்கும்போது ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்து, "அக்கா, எனக்கு ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லுங்கோ. கிணறு கிடக்கட்டும், என்னைப் பாக்க வரட்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். கிறேசம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. "நான் சொல்லுறன் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றிநாலு பங்குனியில் கிறேசம்மா வந்தபோது கையில் போத்தல் இல்லை.

யோகமலர்தான் முதலில் கண்டாள். பையை வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மனோகரி இடித்துக்கொண்டிருந்த மிளகாயை விட்டுவிட்டு எழும்பி வந்தாள். கை முழுக்கக் காரம், அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காய்ச்சலெண்டு படுத்தவர் பிள்ளை" என்றாள் கிறேசம்மா. "கஞ்சி வைச்சுக் குடுத்தனான். மருந்து குளிசை ஒண்டும் இல்லை. முகாமிலை கேட்டுப் பாத்தம், டொக்டர் அடுத்த கிழமை வருவார் எண்டவங்கள். அதுக்கிடையிலை மனுசன் போயிட்டார். எங்கடை கிழவர்மார் ஆறேழு பேர் சேந்து தெரிஞ்ச மாதிரிச் செய்தவை. உங்கடை முறைக்கு ஒரு குறையும் வைக்கேல்லை."

ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறைய இருந்தார்கள். மூன்று வருசத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அவர்கள் சேலைத் திரைகளை விலக்கிக்கொண்டு வந்து மனோகரியைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் அழவில்லை. அழுகை வரும் வழி தெரியாமல் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் ஓய்ந்து விலகின பிறகு, கிறேசம்மா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஒரு கதை சொல்லவேணும் மனோ. உயிரோடை இருக்கும்வரை சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். இனிச் சொல்லலாம்தானே."

"சொல்லுங்கோ."

"மிசின் போட்ட நாளிலை இருந்து அவருக்கு மனதிலை ஐமிச்சம். உவர் ஏறுதோ எண்டு. தன்ரை நாக்குக்குத் தெரியுதில்லை எண்டு சொல்லுவார். என்னட்டைக் குடுத்துக் கேப்பார். எனக்கு என்ன தெரியும்? அப்பதான் சொன்னவர், 'அக்கா, மனோவுக்குத் தெரியும். அவள் உப்பெண்டு சொன்னால் கிணறு முடிஞ்சுது, நான் இஞ்சை நிக்கிறதுக்கு நியாயமில்லை. வெளிக்கிட்டு அவளிட்டையும் பிள்ளையிட்டையும் போயிடுவன். ஆனால் இதை அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. தெரிஞ்சால் என்னைக் கூப்பிடுறதுக்காக நல்ல தண்ணியையும் உப்பெண்டு சொல்லிப்போடுவாள். தெரியாட்டி, அவள் தண்ணியிலை பொய் சொல்லமாட்டாள்' எண்டு."

மனோகரி கையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூளைச் சேலையில் துடைத்தாள்.

"நான் ஒவ்வொருக்காலும் இஞ்சை வந்து திரும்பிப் போகேக்கை, மனுசன் குளிச்சுத் தோய்ச்ச வேட்டியோடை ஒழுங்கை முகப்பிலை நிப்பார். உடுப்புக் கட்டின பை பக்கத்திலை இருக்கும். துண்டு வாங்கவும் முகாமிலை சொல்லி வைச்சிருந்தவர். என்னைக் கண்டதும், 'என்னவாம்?' எண்டு கேப்பார். நல்ல தண்ணியாம் எண்டுவன். கிணத்தடிப் பக்கம் திரும்பிப் பாப்பார். பிறகு, 'அப்ப சரி, நிண்டு இறைப்பம்' எண்டு பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளுக்குப் போவார். உனக்கு ஏலாது எண்டு நீ சொல்லிவிட்ட நேரமும் சொன்னனான். அழுதவர், மனோ. வாறதுக்கு அவருக்கு விருப்பம் இருந்தது. ஊரெல்லாம் ஓடேக்கை நிக்கிறன் எண்டு சொன்ன மனுசன், சும்மா எப்பிடி இறங்கி வாறது? ஊருக்குச் சொல்ல ஒரு சாட்டுத்தான் வேண்டியிருந்தது."

வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யோகமலர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள், தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உப்பக்கா" என்றாள் மனோகரி.

"என்ன பிள்ளை?"

"அது உப்பு. ரெண்டு வருசமாய் உப்பு. வாயிலை வைக்க ஏலாத உப்பு." அவள் கிறேசம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உப்பெண்டு போய்ச் சொல்லுங்கோ அக்கா. நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. கிணறு கெட்டுப்போச்சாம், வெளிக்கிட்டு வரட்டாம் எண்டு சொல்லுங்கோ."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கிறேசம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "சொல்லுறன் பிள்ளை, போய்ச் சொல்லுறன்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.